எங்கே போயிற்று 95 கோடி டன்?

2009 டிசம்பரில் அன்றைய ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி நாடாளுமன்றத்தில் இரண்டு ஆவணங்களை வைத்தார். ஒன்று, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளின் ரயில்வே நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கை. மற்றொன்று, 'தொலைநோக்கு 2020'. அவருக்கு முன்பு அப்பொறுப்பில் இருந்த லாலு பிரசாத் காட்டிய உபரிக் கணக்கை முதல் ஆவணம் ஐயத்தோடு அலசியது. இரண்டாவது ஆவணமோ லாலு காலத்து வளர்ச்சி வேகத்தையும் மிஞ்சிய வேகத்தை அடுத்த பத்தாண்டுகளுக்கு எழுதி வைத்தது. 2020-இல் ரயில்வே ஆண்டுக்கு 216.5 கோடி டன் சரக்கு ஏற்றும் என்றது; 25 ஆயிரம் கிலோமீட்டர் புதிய ரயில் பாதை போடப்படும் என்றது. அவையில் மேசைகள் தட்டப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

2019-20 நிதியாண்டு முடிந்தபோது ரயில்வே ஏற்றியிருந்த சரக்கு ஏறத்தாழ 121 கோடி டன். கரோனா பொது முடக்கம் அந்த ஆண்டின் கடைசி வாரத்தில்தான் வந்தது என்பதால் பழியை அதன் மேல் போட இயலாது. கணிப்புக்கும் நடப்புக்கும் இடையே விழுந்த பள்ளம் 95 கோடி டன்னுக்கும் அதிகம். அந்தத் தொலைநோக்கு எழுதப்பட்ட 2009-10-இல் ரயில்வே ஏற்றிய மொத்தச் சரக்கே 89 கோடி டன்தான். அதாவது, தவறின் அளவு அன்றைய ரயில்வேயைவிடப் பெரியது. 2024-25-இல் ரயில்வே ஏற்றியது சுமார் 162 கோடி டன். 2020-க்கு என்று குறித்த இலக்கை 2025-லும் எட்டவில்லை.

இது ஓர் அமைச்சரின் மிகை ஆர்வம் என்று ஒதுக்கிவிட்டால் எளிது. ஆனால், கட்சிகள் மாறியும் பழக்கம் மாறவில்லை. 2015 பிப்ரவரியில் ரயில்வே பட்ஜெட்டை வாசித்த சுரேஷ் பிரபு, ஆண்டுக்கு 100 கோடி டன்னாக இருக்கும் சரக்குத் திறன் ஐந்தாண்டுகளில் 150 கோடி டன்னாக உயரும் என்றார். அந்த எண் 2022-23-இல்தான் கைகூடியது. 2020 டிசம்பரில் வரைவாக வெளியான தேசிய ரயில் திட்டம், நாட்டின் மொத்தச் சரக்கு 470 கோடி டன்னிலிருந்து 2031-இல் சுமார் 820 கோடி டன்னாகும் என்றும், அதில் ரயிலின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக உயர வேண்டும் என்றும் கூறியது. 820 கோடியில் 45 சதவீதம் என்றால் ஏறத்தாழ 370 கோடி டன். 2024-25-இல் ஏற்றிய அளவிலிருந்து அங்கே போய்ச் சேர, ஆண்டுதோறும் 15 சதவீதத்துக்குச் சற்றே குறைவான வளர்ச்சி ஆறு ஆண்டுகளுக்கு இடைவிடாமல் வேண்டும். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி 4 சதவீதத்தை ஒட்டியதே. இதற்கு நடுவில் '2027-க்குள் 300 கோடி டன்' என்றொரு முழக்கமும் அமைச்சகத்திலிருந்து வந்தது. பின்னர் அதுவே 2030 என்றும் பேசப்பட்டது.

இந்தக் கணிப்புகள் எப்படித் தயாராகின்றன என்பதில் மர்மம் ஏதுமில்லை. நாட்டின் உற்பத்தி ஒரு சதவீதம் வளர்ந்தால் சரக்குப் போக்குவரத்து எவ்வளவு வளர்கிறது என்று கடந்த கால அனுபவத்திலிருந்து ஒரு விகிதம் எடுக்கப்படும். அந்த விகிதத்தை எதிர்காலப் பொருளாதார வளர்ச்சியால் பெருக்கினால் எதிர்காலச் சரக்கு கிடைத்துவிடும். ராகேஷ் மோகன் தலைமையிலான தேசியப் போக்குவரத்து வளர்ச்சிக் கொள்கைக் குழு 2014-இல் அளித்த அறிக்கை இந்த வகையில் மிக விரிவானது. தன் அனுமானங்களை ஒளிக்காமல் எழுதியது என்ற நேர்மையும் அதற்கு உண்டு. பொருளாதார வளர்ச்சி ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் உயர்ந்துகொண்டே போகும் என்று அது எடுத்துக்கொண்டது. அதன்படி, 2011-12-இல் சுமார் 2 லட்சம் கோடி டன்-கிலோமீட்டராக இருந்த நாட்டின் சரக்குப் போக்குவரத்து 2031-32-இல் 13 லட்சம் கோடியாகும். அதில் பாதி ரயிலில் போகும். (ஒரு டன் சரக்கு ஒரு கிலோமீட்டர் பயணம் செய்தால் ஒரு டன்-கிலோமீட்டர்.) பாதி என்றால் ஆறரை லட்சம் கோடி. 2022-23-இல் ரயில்வே ஈட்டியது ஒரு லட்சம் கோடியைக்கூடத் தொடவில்லை.

அறிக்கை வந்த சில மாதங்களில் ஆட்சி மாறியது. திட்டக் குழு கலைக்கப்பட்டது. 2017-இல் ஐந்தாண்டுத் திட்டங்களே முடிவுக்கு வந்தன. அந்தக் கணிப்பைப் பெற்றவரும் இல்லை, வளர்த்தவரும் இல்லை என்றாயிற்று.

விகிதத்தைப் பெருக்குவதில் உள்ள கோளாறு, அது எந்த ஐந்தாண்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. 2003-04-இல் 56 கோடி டன்னுக்கும் குறைவாக இருந்த ரயில்வே சரக்கு, 2008-09-இல் 83 கோடி டன்னாக எழுந்தது உண்மை. அதற்கு ஒரு முக்கியக் காரணம், வேகன்களில் அதுவரை அனுமதித்ததைவிடக் கூடுதல் எடை ஏற்ற லாலு காலத்தில் அனுமதி கொடுத்தது. அதே வேகன், அதே என்ஜின், அதே பாதை. ஆனால் சரக்கு அதிகம். கெட்டிக்காரத்தனமான முடிவுதான். எனினும் அத்தகைய லாபம் ஒரே ஒருமுறை கிடைப்பது. ஒரு மூட்டைக்குப் பதில் ஒன்றேகால் மூட்டை தூக்கியவனிடம் ஆண்டுதோறும் கால் மூட்டை கூட்டிக்கொண்டே போக முடியாது.

இன்னொரு காரணம் இரும்புத் தாது. சீனத்தின் உருக்காலைகள் பசியோடு இருந்த காலம் அது. 2009-10-இல் இந்தியா 11 கோடி டன்னுக்கும் மேல் இரும்புத் தாது ஏற்றுமதி செய்தது. துறைமுகங்களுக்கு அதைக் கொண்டுசென்றதில் ரயில்வேக்குக் கொழுத்த வருவாய். 2011-இல் பெல்லாரிச் சுரங்கங்களை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 2012-இல் கோவாவிலும் சுரங்கப் பணி நின்றது. 2013-14-இல் ஏற்றுமதி 2 கோடி டன்னுக்கும் கீழே போயிற்று. சட்டவிரோதச் சுரங்கங்கள் ஒருநாள் நீதிமன்றத்தின் கண்ணில் படும் என்பதை எந்தச் சூத்திரமும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால், உச்சத்தில் இருந்த ஒரு பொருளின் ஏற்றுமதி உச்சத்திலேயே நிற்கும் என்று நம்பி அதன்மேல் பத்தாண்டுக் கோட்டை கட்டியதைத் தவறு என்று சொல்லத்தான் வேண்டும்.

சாலைப் பக்கம் நடந்தவையும் அப்படியே. 1950-51-இல் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் ஏறத்தாழ 89 சதவீதத்தைச் சுமந்த ரயில், 2007-08-இல் 30 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. இனி இறங்காது, ஏறும் என்பதே ஒவ்வொரு தொலைநோக்கின் ஆதார நம்பிக்கை. நடந்தது என்ன? தங்க நாற்கரச் சாலைகள் வந்தன. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளில் வரிச் சோதனைச் சாவடிகள் மறைந்தன. லாரிகள் காத்துக் கிடக்கும் நேரம் குறைந்தது. 2018 ஜூலையில் லாரிகளின் அச்சு எடை வரம்பை மத்திய அரசே 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. சாலையில் ஒரு லாரிகூடக் கூடாமல் லாரிகளின் சுமக்கும் திறன் ஒரே அறிவிக்கையில் பெருகிவிட்டது. ரயிலின் பங்கை உயர்த்துவோம் என்று ஓர் அமைச்சகம் எழுதிக்கொண்டிருந்தபோது, லாரியின் கையை இன்னோர் அமைச்சகம் ஓங்க வைத்தது. இரண்டும் ஒரே அரசின் இரு கரங்கள்.

இவ்விடத்தில் ரயில்வே அதிகாரிகள் முன்வைக்கும் மறுப்பைக் கேட்க வேண்டும். அது வெறும் சாக்கு அல்ல. ஏற்றிய சரக்கு வேறு, ஏற்றக் காத்திருந்த சரக்கு வேறு என்கிறார்கள். தில்லி - ஹௌரா, தில்லி - மும்பை தடங்கள் கொள்ளளவைத் தாண்டி 115 முதல் 150 சதவீதம் வரை பயன்படுத்தப்பட்டு வந்தன. பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டுச் சரக்கு ரயில் கிளைத் தண்டவாளத்தில் மணிக்கணக்கில் நின்றால், தொழிற்சாலைக்காரர் லாரியைத்தான் கூப்பிடுவார். எனவே 121 கோடி டன் என்பது நாட்டின் தேவை அல்ல; பாதை அனுமதித்த அளவு. பாதை இருந்திருந்தால் கணிப்பு பலித்திருக்கும் என்பது அவர்கள் வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. சரக்குக்கென்றே தனி வழித்தடம் என்ற எண்ணம் 2005-இல் அறிவிக்கப்பட்டு, 2006 அக்டோபரில் அதற்கான நிறுவனம் தொடங்கப்பட்டது. 2008-இல் சுமார் 28 ஆயிரம் கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்ட செலவு, 2015-இல் 81 ஆயிரம் கோடியைத் தாண்டியது. லூதியானாவிலிருந்து பிகாரின் சோன்நகர் வரையிலான 1,337 கிலோமீட்டர் கிழக்குத் தடம் முழுமை பெற்றது 2023-இல். திறக்கப்பட்ட பகுதிகளில் சரக்கு ரயில்கள் பழைய பாதையைவிட இருமடங்கு வேகத்தில் ஓடுகின்றன. மேற்குத் தடத்தில் லாரிகளையே ரயிலில் ஏற்றிச் செல்லும் சேவை நடக்கிறது. பால் டேங்கர்கள் அதில் பயணம் செய்கின்றன. நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தால் லாரி உரிமையாளரும் தண்டவாளத்தைத் தேடி வருவார் என்பதற்கு இது சான்று.

ஆனால் அந்த வாதமே கணிப்பைப் பற்றிய கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. தடம் அமைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும் நாட்டில், பத்தாண்டுத் தொலைநோக்கில் அந்தத் தடம் முழு அளவில் ஓடுவதாகக் கணக்கிட்டது யார்? ஜார்க்கண்டில் நிலக்கரி வெளியே வருவதற்குக் கட்டாயம் தேவைப்பட்ட டோரி - ஷிவ்பூர் பாதையின் நீளம் வெறும் 44 கிலோமீட்டர். அனுமதி கிடைத்ததிலிருந்து ரயில் ஓடும் வரை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. நிலம் எடுப்பதும் வனத்துறை ஒப்புதலும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை ரயில்வேயைவிட நன்றாக அறிந்த துறை இந்தியாவில் இல்லை. தேவை எவ்வளவு, அதில் எவ்வளவைச் சுமக்க முடியும் என்ற இரண்டையும் தனித்தனியே எழுதினால் குழப்பம் தீரும். எழுதுவதில்லை. இரண்டையும் கலந்து ஓர் எண்ணாக்கி, அதற்கு இலக்கு என்றும் கணிப்பு என்றும் வேளைக்கொரு பெயர் சூட்டுகிறார்கள். பலித்தால் கணிப்பு, பலிக்காவிட்டால் அது இலக்குதானே என்ற பதில்.

இவற்றில் எல்லாம் மிகப் பெரிய பந்தயம் நிலக்கரி. ரயில்வே ஏற்றும் சரக்கில் ஏறத்தாழப் பாதி அதுவே. போக்குவரத்து வருவாயில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. பயணிகள் ரயில்களின் நஷ்டத்தை அந்த வருவாய்தான் ஈடுகட்டுகிறது. பொதுப் பெட்டியில் பயணம் செய்யும் கூலித் தொழிலாளியின் குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் நிற்பது ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் நிரம்பிப் புறப்படும் நிலக்கரி வேகன்களே. நிலக்கரிக் கணிப்பு தவறினால் அடி அங்கேதான் விழும்.

அது இரு பக்கமும் தவறியிருக்கிறது. 2019-20-க்குள் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 150 கோடி டன்னாகும் என்று 2014-15-இல் அரசு அறிவித்தது. அந்த ஆண்டில் வெட்டியெடுக்கப்பட்டது சுமார் 73 கோடி டன். பாதிக்கும் குறைவு. சரி, தேவை குறைந்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டியிருந்த வேளையில், 2022 ஏப்ரல், மே மாதக் கோடையில் மின்தேவை எகிறியது. அனல்மின் நிலையங்களில் இருப்பு வற்றியது. நிலக்கரி ரயில்களுக்கு வழிவிட நூற்றுக்கணக்கான பயணிகள் ரயில் சேவைகள் ரத்து செய்யப்பட்டன. பிகாருக்கும் சத்தீஸ்கருக்கும் ஊர் திரும்ப வேண்டியவர்கள் நிலையத்தில் நின்றனர். 2024-25-இல் உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்தது.

இனி வரும் முப்பது ஆண்டுகள் இதைவிடச் சிக்கலானவை. 2070-க்குள் கரியமில வாயுவின் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவோம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உறுதி கூறியது. சூரிய மின்சாரம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. நிலக்கரியை வேகனில் கொண்டுபோவதற்குப் பதில் சுரங்கத்தின் அருகிலேயே மின்சாரமாக்கிக் கம்பியில் அனுப்பும் வழியும் திறந்துவிட்டது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூர் வரை 6,000 மெகாவாட் திறனுள்ள உயர் அழுத்த மின்பாதை 2020 முதல் படிப்படியாகச் செயல்பாட்டுக்கு வந்தது இதற்கு எடுத்துக்காட்டு. அந்தக் கம்பியில் வரும் ஒவ்வொரு யூனிட்டும் ஏதோ ஒரு சரக்கு ரயில் தமிழகத்துக்கு ஏற்றி வந்திருக்க வேண்டிய நிலக்கரிக்கு மாற்று. அதே வேளையில், 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த மூன்று ரயில் வழித்தடத் திட்டங்களில் ஒன்று எரிசக்தி, கனிமம், சிமென்ட் ஆகியவற்றுக்கானது. நிலக்கரியின் தேவை எந்த ஆண்டில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும், அதற்குப் பின் அந்தப் பாதைகள் எதைச் சுமந்து கடனை அடைக்கும் என்ற வினாவுக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. குறைந்த அளவு, நடு அளவு, உயர்ந்த அளவு என்று மூன்று கணக்காவது வேண்டும். தவறு என்று பின்னால் தெரிந்தாலும் எங்கே தவறினோம் என்பது அப்போதுதான் விளங்கும்.

தென்னகத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. முதலிரண்டு சரக்கு வழித்தடங்களும் விந்தியத்துக்கு இப்பால் கிழக்கிலோ தெற்கிலோ இறங்கவில்லை. கரக்பூர் - விஜயவாடா, இடார்சி - விஜயவாடா தடங்களுக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கப்படும் என்று 2021 பட்ஜெட் உரை கூறியது. அவையும் விஜயவாடாவோடு நின்றுவிடுபவை. எந்தத் தடம் முதலில், எது பிறகு என்பதைத் தீர்மானிப்பது சரக்குக் கணிப்புத்தான். கணிப்பின் அடிப்படை வெளியே தெரியாதபோது, தெற்கு ஏன் பின்னால் நிற்கிறது என்ற கேள்விக்குப் பொருளாதாரப் பதிலா அரசியல் பதிலா என்பதும் தெரிவதில்லை.

கணிப்பைக் கேள்வி கேட்க முன்பு ஒரு நாள் இருந்தது. ஆக்வொர்த் குழுவின் பரிந்துரையால் 1924-இல் தனியான ரயில்வே பட்ஜெட்டைக் கடைசியாக 2016 பிப்ரவரி 25-இல் சுரேஷ் பிரபு வாசித்தார். 2017 முதல் அது பொது பட்ஜெட்டில் கரைந்தது. பழைய ரயில்வே பட்ஜெட் நாளின் கூத்துகளை அறிந்தவர்கள் அதன் மறைவுக்குக் கண்ணீர் விடமாட்டார்கள். தன் ஊருக்கு ஒரு ரயில் கேட்பதே பல உறுப்பினர்களின் உரையாக இருந்தது. ஆயினும் சென்ற ஆண்டு எவ்வளவு ஏற்றினோம், வரும் ஆண்டு எவ்வளவு ஏற்றுவோம் என்று ரயில்வே அமைச்சர் அவையில் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வரிசையில் ஒருவராவது பழைய உரையைப் புரட்டி வைத்துக்கொண்டு எழுவார். இன்று பொது பட்ஜெட் உரையில் ரயில்வேக்குக் கிடைப்பது சில வரிகள். 2018-லும் 2023-லும் எந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் மக்களவையில் விவாதிக்கப்படாமல், அமளிக்கிடையே கில்லட்டின் முறையில் எல்லாம் ஒரே மூச்சில் நிறைவேறின. ரயில்வேயும் அதில் அடக்கம்.

கண்காணிப்பு தளர்ந்தால் கணக்கு எப்படி வளையும் என்பதற்கு 2017-18 ஓர் அடையாளம். அந்த ஆண்டு நூறு ரூபாய் வருவாய்க்கு ரயில்வே செலவிட்டது 98 ரூபாய் 44 காசு என்று காட்டப்பட்டது. தேசிய அனல்மின் கழகத்திடமும் இர்கான் நிறுவனத்திடமும் வாங்கிய முன்பணம் இல்லாவிட்டால் அது 102 ரூபாய் 66 காசாக இருந்திருக்கும் என்று தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி எழுதினார். அனல்மின் கழகம் தந்தது சரக்குக் கட்டண முன்பணம். நாளை ஏற்ற வேண்டிய நிலக்கரிக்கு இன்றே கூலி வாங்கி இன்றைய பற்றாக்குறையை மூடியிருக்கிறார்கள். வருங்காலச் சரக்கைப் பற்றிய கணிப்பு ரயில்வேக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சில ஆண்டுகளில் அதையே சமைத்தும் சாப்பிட்டிருக்கிறது.

1993 முதல் ரயில்வேக்கென நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. மானியக் கோரிக்கைகளை ஆராயும்போது அது பெரும்பாலும் ஓராண்டு இலக்கையும் ஓராண்டு நடப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதன் எல்லையைப் பத்தாண்டுகளுக்கு விரிக்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. புதிய ரயில் திட்டம் ஒன்றை அமைச்சகம் அவையில் வைக்கும்போதெல்லாம், அதன் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்க வேண்டும் என்று குழு கேட்கலாம்: 2009-இல் என்ன சொன்னோம், 2015-இல் என்ன சொன்னோம், 2020-இல் என்ன சொன்னோம், ஒவ்வொன்றும் எந்த அனுமானத்தால் தவறியது. இரும்புத் தாதுவா, நிலக்கரியா, லாரியின் அச்சு எடையா, வராத பாதையா என்று காரணங்களைப் பிரித்து எழுதச் சொல்லலாம். சாலைப் போக்குவரத்து, மின்சாரம், நிலக்கரி அமைச்சகங்களின் செயலர்களையும் அதே நாளில் அழைத்து, அவர்கள் கையில் உள்ள கணிப்புகளும் ரயில்வேயின் கணிப்பும் ஒரே நாட்டைப் பற்றியவைதாமா என்று வினவலாம்.

'தொலைநோக்கு 2020' ஆவணத்தின் பிரதி நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. 216.5 கோடி டன் என்ற எண்ணும் அதில் இருக்கிறது. 2020 டிசம்பரில் தேசிய ரயில் திட்டத்தின் வரைவு வெளியானபோது, பழைய தொலைநோக்கின் கெடு அந்த ஆண்டோடு முடிந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கம் சொல்ல அமைச்சகம் முன்வரவில்லை.